நீல மூடி டப்பாவில் இருந்தது வெண்ணெய்

சில்யா அக்கா, இந்தக் கடிதத்தைத் தயவுசெய்து யாரிடமும் காட்டாதே, உன் அறைத்தோழியிடம்கூட வேண்டாம். தொலைபேசி சமையலறையில் இருப்பதால் அதில் பேச முடியாது, அப்பா காதில் விழும். நாளை அம்மா அனுப்பப்போகும் கம்பளிக் காலுறைக்குள் இதை மடித்து வைத்துவிடுவேன்.

இங்கே எல்லோரும் நலம் என்று எழுத ஆசைதான், அப்பாவைப் பற்றி அப்படி எழுதக் கை வரவில்லை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? மன்சிக்கி செவ்வாய்க்கிழமை கிடாரிக் கன்று போட்டது, அம்மாவுக்கு இடுப்பு வலி குறைந்திருக்கிறது, மாட்டுக் கொட்டகைக் கூரையில் பனி ஏறிக்கிடக்கிறது, நானே தள்ளுகிறேன் என்று அப்பா நிற்கிறார், அம்மா ஏணியை ஒளித்து வைத்திருக்கிறாள்.

உன் ஆராய்ச்சிக்கு ஆள் குறைகிறது என்று அந்த நீல மூடி டப்பாக்களைக் கொண்டுவந்தாயே, வெண்ணெய்க்குப் பதிலாகத் தடவும், பைன் மரச் சத்துச் சேர்த்த எண்ணெய் மார்ஜரின், ரத்தக் கொழுப்பைக் குறைக்கும் என்றாய். "எங்க தாத்தா பஞ்சத்துல பைன் பட்டையை இடிச்சு ரொட்டி சுட்டுத் தின்னாரு, இவ அஞ்சு வருஷம் படிச்சிட்டு அதையே டப்பால அடைச்சுக் கொண்டாந்திருக்கா" என்று அப்பா சிரித்தார். இருபத்திரண்டு மாடு கட்டியவன் வீட்டில் மார்ஜரினா, பால் வண்டி கௌகோ பார்த்தால் ஊரெல்லாம் சொல்லிவிடுவான் என்றும் சொன்னார். ஆனாலும் நீ கேட்டாய் என்பதற்காகக் கையெழுத்துப் போட்டார். அவர் தினமும் எவ்வளவு தின்றார் என்று குறிக்கும் நோட்டை என்னிடம் தந்து, உன்னை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன் ஹெலி என்றாய். அந்த வார்த்தைதான் இப்போது என்னைத் தூங்கவிடவில்லை.

முதல் வாரம் முழுக்க அவர் ரொட்டியை ஓரமாகக் கடித்துவிட்டு மீதியை வைத்துவிட்டு வெறும் காப்பியோடு பால் கறக்கப் போனார். பாதியில் விட்டுவிடுவாரோ, உனக்கு ஓர் ஆள் குறைந்துவிடுமோ என்று பயந்தேன். எட்டாம் நாள் அம்மாவுக்கும் தெரியாமல் மார்ஜரினை எருக்குழியில் கொட்டிவிட்டு, நம் வீட்டு வெண்ணெயை அடுப்போரம் இளக்கி, துளி எண்ணெய் விட்டு அடித்து அந்த டப்பாவில் நிரப்பினேன். ஒரே ஒரு நாளைக்குத்தான் என்று நினைத்தேன் அக்கா. அப்பா ஒரு கடி கடித்து நிமிர்ந்தார், "அடேயப்பா, நம்ம சில்யா மாட்டையே ஜெயிச்சுட்டாளே!" என்றார். மறுநாள் கௌகோவையே கூப்பிட்டு உட்காரவைத்து, என் பொண்ணு செஞ்ச மருந்துய்யா, தின்னு பாரு என்று தடவிக் கொடுத்தார். அப்ப மாட்டையெல்லாம் வித்துடு என்று கௌகோ கேலி செய்தான், அப்பா முகம் முழுக்கப் பெருமை. அதற்குப் பிறகு நான் எப்படி நிறுத்துவேன். இதயத்துக்கு நல்லது என்று சவுனா நீராவிக் குளியல் முடிந்த இரவுகளில் இன்னும் இரண்டு துண்டுக்குக் கட்டியாகத் தடவித் தின்றார், நான் நோட்டில் இருபது கிராம், இருபது கிராம் என்று ஏழு வாரம் எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் அப்பாவிடம் பேசினாய், அப்பாவுக்குக் கொழுப்பு குறையவில்லை, ஆறு புள்ளி எட்டிலிருந்து ஏழு புள்ளி ஒன்பதாக ஏறியிருக்கிறது, வெள்ளிக்கிழமை பேராசிரியர் முன் என்ன சொல்வதென்று தெரியவில்லை என்று அழுதாய். அப்பா போனை வைத்துவிட்டு அம்மாவிடம், "என்னாலதான். சவுனாவுக்கு அப்புறம் ரெண்டு தடவை சாசேஜ் தின்னேன், சொல்லாம மறைச்சுட்டேன். புள்ள படிப்பைக் கெடுத்துட்டேன்" என்றார். நான் பக்கத்திலேயே உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டே இருந்தேன். சுகாதார நிலைய மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையையும் அவர் வாங்கவில்லை, சில்யா குடுத்ததை ஒழுங்கா தின்னாலே போதும் என்கிறார். நேற்று படியேறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன்.

உன் ஆராய்ச்சியில் தப்பில்லை, அப்பாவின் கணக்கை அடித்துவிடு. என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு, ஆனால் மாத்திரை சாப்பிடச் சொல்லி அவரிடம் நீயே பேசு, நீ சொன்னால் கேட்பார். நீ அனுப்பிய புது டப்பாக்கள் இன்று வந்தன, அம்மா ஃபிரிட்ஜில் வைத்தாள், அவற்றை நான் தொடவில்லை, இனித் தொடவும் மாட்டேன்.

கீழே ஃபிரிட்ஜ் திறக்கும் சத்தம் கேட்கிறது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அப்பாவுக்கும் தூக்கமில்லை. ரொட்டி அறுக்கிறார். வழக்கமாக மெல்லும்போது ஏதாவது முணுமுணுப்பார், இப்போது ஒன்றுமே கேட்கவில்லை. கடவுள் உன்னைக் காக்கட்டும், பனியில் கால் நனையாமல் பார்த்துக்கொள், என்னை வெறுத்துவிடாதே. படி கிறீச்சிடுகிறது. கதவைத் தட்டுகிறார் அக்கா, "ஹெலி, இத்தனை நாளா நான் தின்னது என்னம்மா" என்று