ஹோபார்ட் தன் விரலாலேயே மாட்டிக்கொண்டது

மினியாபொலிஸ், மார்ச் 9

அன்புத் தங்கை ஓடீலுக்கு அண்ணன் அல்சீடின் ஆசிகள். முழங்கால் வலி தேவலையா? யாரும் நம்பமாட்டாத கதையொன்றைச் சத்தியம் செய்து எழுதுகிறேன். மாமா சொன்னதாகப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டு.

போன வருஷம் என் அறையில் களவுபோன அப்பாவின் அக்கார்டியன் வாத்தியப் பெட்டியைத் தேடிப் போனபோது, அடகுக்கடை ஹோபார்ட் கிறுக்கலான பதிவேட்டை நீட்டி, "உங்கப்பன் பொட்டியா? நல்லாத் தேடிக்கோ" என்று சிரித்தானே! அன்றுமுதல் நான் பல்லைக் கடித்த சத்தத்தில் இந்த ஊர் ஏரிப் பனி மூன்று முறை பிளந்தது.

இப்போது புதுச் சட்டம். கடைச் சரக்கு முழுவதையும் படமெடுத்து, அடையாளத்தோடு கணினி வழியே போலீசுக்கு அனுப்பவேண்டும். அபராதத்துக்குப் பயந்த ஹோபார்ட், ஒளித்து வைத்ததையும் விடாமல் ஏற்றினான். அடையாளக் கட்டத்தில் அவனே தட்டியிருக்கிறான்: 'உள்ளே சூடுபோட்ட பெயர், தியோஜீன் பூட்ரோ.' அப்பா பெயர்! என் பழைய புகாரும் அதே கணினியில் காத்திருந்தது.

இரண்டும் பொருந்திவிட, போலீசோடு கடைக்குப் போனேன்.

"எடுத்துட்டுப் போய்த் தொலைய்யா!" என்று ஹோபார்ட் கத்தினான்.

"அவசரமென்ன மாப்ளே, பழுதான்னு பாக்கவேணாமா?"

அவன் நாற்காலியிலேயே உட்கார்ந்து ஏழு மணி நேரம் வாசித்தேன். ஜன்னல்கள் நொறுங்கின. ஹோபார்ட் கதறி அழுதான். திருட்டுச் சரக்கு வைத்ததற்காக இப்போது கடைக்குப் பூட்டு. அதைப் பார்க்கவே தினமும் சுற்றுவழியில் வேலைக்குப் போகிறேன்.

கொஞ்சம் மிளகாய்த்தூள் அனுப்பு. அப்பா வாசிக்கும் பாட்டின் நடுப்பகுதி மறந்துவிட்டது, போனில் பாடிக்காட்டு. பஸ் வந்துவிட்டது.

அந்தக் கச்சேரியில் ஒன்று மட்டும் நிஜம்: ஒருவர் அழுதார். ஹோபார்ட் அல்ல.

அல்சீட்