கோச் ஏறாத விமானம்

எல்டன் கிராஸ், இந்தியானா
மார்ச் 20, 1997

அன்புள்ள நடீன்,

போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை வருகிறது, கடிதம் போடு என்றாய். இதோ போடுகிறேன். உன் அக்காவின் இடுப்பு எலும்பு எப்படி இருக்கிறது? அவளைப் பார்த்துக்கொள்ள இரண்டு வாரம் என்று நீ அரிசோனாவுக்குப் போனாய், இது ஏழாவது வாரம். நீ சமைத்து வைத்துப் போனதெல்லாம் தீர்ந்து, குளிர்சாதனப் பெட்டியில் இப்போது ஒரு கடுகுச் சாஸ் பாட்டிலும் பெட்டியின் விளக்கும்தான் இருக்கின்றன.

ஊரில் ஒரே பேச்சு, கல்லூரிக் கூடைப்பந்து அணியை இந்த சீசனில் இருபத்தெட்டு ஆட்டம் ஜெயிக்க வைத்த கோச் டோபின் நம்மை விட்டுப் போய்விடுவாரா என்பதுதான். என் சலூனுக்கு முடியோடு வருகிறவர்களைவிடத் துப்போடு வருகிறவர்கள் அதிகம். அவர் மனைவி மளிகைக் கடையில் காலி அட்டைப்பெட்டி கேட்டாராம். வீட்டுப் புல்வெளிக்கு இன்னும் உரம் போடவில்லையாம். "விட்டுட்டுப் போறவன் எதுக்குய்யா புல்லுக்குச் செலவு பண்ணணும்?" என்று தீர்ப்பளித்தான் பக்கத்துக் கடை கேஸி. அதை என் சொந்தக் கண்டுபிடிப்பாக நாலு பேரிடம் சொல்லிவிட்டேன்.

நேரில் வந்து கூட்டிப் போ என்று கேட்டிருந்தாய். வருவேன். இந்த விஷயம் மட்டும் முடிவுக்கு வரட்டும்.

உன்,
வெர்லின்


மார்ச் 25

அன்புள்ள வெர்லின்,

அக்கா தடி ஊன்றி நடக்கிறாள். இன்னும் எதற்கு இங்கே இருக்கிறாய் என்று அவளே கேட்கிறாள்.

இங்கே ஒரு கண் மருத்துவரிடம் வரவேற்பு மேஜைக்கு ஆள் கேட்கிறார்கள். ஏப்ரல் நாலாம் தேதிக்குள் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.

இருபத்தாறு வருஷத்தில் எனக்காக நீ ஒரு ஆட்டத்தைக்கூட விட்டதில்லை. நம் கல்யாணத்தையே சீசன் முடிந்த பிறகுதான் வைத்தாய். நான் கேட்பது பெரிய விஷயமில்லை. கடையைப் பூட்டிவிட்டு ஒரு தடவை வா.

நடீன்


மார்ச் 31 (அவசரத் தபால்)

என் அருமை நடீன்,

விமானத் தளத்தில் எரிபொருள் நிரப்பும் ரோஸ்கோ ஒரு சேதி கொண்டுவந்தான். வியாழக்கிழமை காலை இங்கிருந்து ஒரு தனி விமானம் நீ இருக்கும் ஊருக்கே போகிறது. பயணி யார் என்று சொல்லமாட்டேன் என்கிறார்களாம். அங்கே பெரிய பல்கலைக்கழகத்தில் கோச் பதவி காலி. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

வியாழன் பகல் பதினோரு மணிக்குத் தனி விமானங்கள் வந்து நிற்கும் வாசலில் போய் நில். இறங்குவது யார் என்று பார்த்து எழுது. ஊரே உன்னை நம்பியிருக்கிறது. மறுக்காதே.

உன்,
வெர்லின்

பி.கு. அந்த வேலை விஷயத்தை நிதானமாகப் பேசுவோம்.


ஏப்ரல் 3

வெர்லின்,

பத்தரைக்கே போய்விட்டேன், அந்த நீலக் கவுனைப் போட்டுக்கொண்டு. ஏன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. நம் ஊர் விமானம், பெயர் சொல்லாத பயணி, வாசலில் வந்து நில் என்று நீ கெஞ்சியது, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தேன். இந்தக் குறும்புக்காரன் கோச்சைச் சாக்கு வைத்துத் தானே வந்து இறங்கப் போகிறான் என்று நினைத்துவிட்டேன். உங்கள் ஊர்க்காரர்கள் துப்புத் துலக்கும் லட்சணம் எனக்கும் ஒட்டிக்கொண்டது போல.

குதிரை வைத்தியர் ஒருவர் இறங்கினார். அவர் போன பிறகும் நின்றேன். விமானி கதவைப் பூட்டிவிட்டு வந்து, "யாருக்காகவாவது நிக்கறீங்களாம்மா?" என்று கேட்டார்.

"இல்லப்பா. யார் வரலன்னு பாத்துட்டுப் போக வந்தேன்."

திரும்பும் வழியில் கண் மருத்துவரிடம் சரி என்று சொல்லிவிட்டேன்.

கோச் வரவில்லை. ஊருக்குச் சொல்லிவிடு.

நடீன்


ஏப்ரல் 14

நடீன்,

உன் கடிதம் கடைக்குத்தான் வந்தது. பதினோரு பேர் காத்திருந்தார்கள். நான் முதலில் படித்துப் பார்க்காமல், பிரித்த கையோடு வானொலி அறிவிப்பாளன் மாதிரி உரக்க வாசித்தேன். நீலக் கவுன் வந்த இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். வாய் நிற்கவில்லை. கடைசி வரிக்கு யாரும் கை தட்டவில்லை. ஒவ்வொருவராகத் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார்கள். பாதி முடி வெட்டியவரும் எழுந்து போனார். கேஸி மட்டும் வாசலில் நின்று, "போய் கூட்டிட்டு வாய்யா, முட்டாள்," என்றான்.

அன்று மாலையே உன் அக்காவுக்குப் போன் செய்தேன். "இப்ப வந்தா அவ என்ன செய்வா வெர்லின்? காப்பி போட்டுக் குடுப்பா, அவ்வளவுதான்," என்றாள். டிக்கெட் வாங்குவதா வேண்டாமா என்று நீயே எழுது. எழுதாவிட்டால் புரிந்துகொள்வேன்.

கோச் இங்கேயே இன்னும் ஆறு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார். தெருவெல்லாம் கார் ஹாரன். கடையில் இப்போது புதுப் பேச்சு, துணைக் கோச் போவாரா என்று. அடுத்து பாதிரியார் மாற்றல் ஆவாரா என்பார்கள்.

நீ திரும்பி வருவாயா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. இந்த ஊரை உனக்குத் தெரியும். துளி சந்தேகம் இருந்திருந்தால் கேட்டிருப்பார்கள்.

வெர்லின்