விளக்கு நிற்காத கிணறு

அண்ணா,

அணைந்த மெழுகுவர்த்தியின் புகைநாற்றம் சட்டைப்பையிலிருந்து இன்னும் போகவில்லை. வெள்ளைக்கார மிஷனரிகள் இருந்த சாயிப்பு பங்களாவின் சாப்பாட்டு மேஜையில் காட்சிக்கு வைத்திருந்த மெழுகுவர்த்தி அது. பக்கத்திலேயே ‘தொடாதீர்கள்’ என்று எழுதியிருந்தது. எடுத்துவிட்டேன்.

நீ போனபிறகு அந்த வளாகத்தில் நான் கால் வைத்ததில்லை. நாகர்கோவிலிலிருந்து வந்த மைத்துனர் குடும்பம் பார்த்தே தீரவேண்டும் என்றதால் இன்று போனேன். மிஷன் காலத்துக் கருங்கல் வீட்டை நன்றாகத்தான் பேணுகிறார்கள். சுவரைக் கழுவி, சன்னல்களுக்கு எண்ணெய் பூசி, பலாமரத்தடியில் பெஞ்சு போட்டு, வாசலில் சீட்டுக் கிழிக்கிறார்கள். அந்தக் கல்லுக்குக் கிடைத்த மரியாதை உனக்குக் கிடைக்கவில்லை. உன் பெயர் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

வீட்டுக்குப் பின்னால் கிணற்றின் கம்பிவலையைத் தூக்கி வைத்திருந்தார்கள். தூர்வாரப் போகிறார்களாம். காஞ்சிரங்குளத்திலிருந்து வந்த ஓர் ஆள் சட்டையைக் கழற்றிவிட்டு இடுப்பில் வடம் கட்டிக்கொண்டிருந்தான். நாற்காலி போட்டு மேற்பார்வை பார்த்தவர் அதே பழைய சபைக் கமிட்டிச் செயலாளர். அவர் மனைவியின் அடக்கத்துக்குக்கூட நான் போகவில்லை.

அன்று தூர்வார நீயும் அந்தக் கிணற்றுச் சுவர்மேல் அப்படித்தான் நின்றாய். உள்ளே விஷக்காற்று உண்டா என்று அறிய, இறங்கும் முன் தேங்காய்ச் சிரட்டையில் விளக்கு வைத்து இறக்கிப் பார்ப்பது உன் வழக்கம். “வெளக்கு நிக்காத எடத்துல மனுசன் நிக்கமாட்டான்” என்பாய். அன்று பாதி ஆழத்திலேயே விளக்கு அணைந்தது. மறுநாள் பேராயர் வருகிறார் என்று செயலாளருக்கு அவசரம்.

“காத்தடிச்சு அணைஞ்சதாக்கும். பயம் உண்டெங்கி வீட்டுக்குப் போ.”

அத்தனை பேர் முன்னால் அந்தச் சொல்லை உன்னால் தாங்க முடியவில்லை. இறங்கினாய். சற்று நேரத்தில் என் கையிலிருந்த வடம் திடீரென்று கனத்தது. உன்னை இழுத்தெடுத்து ஆஸ்பத்திரிக்கு வண்டியில் ஏற்றினோம். உதியன்குளங்கரை தாண்டும் முன்பே நீ போய்விட்டாய்.

இன்று ஓடிப்போய் அந்த மெழுகுவர்த்தியைக் கொண்டுவந்தேன். கிணற்றடியில் பற்றவைத்தேன். வாளியில் நிறுத்தி இறக்கினேன். பாசி படிந்த கல்வரை போனதும் சுடர் சுருங்கி அணைந்தது.

“காத்தாக்கும்” என்றார் இப்போது கிழவராகிவிட்ட செயலாளர், என் முகத்தைப் பார்க்காமல்.

வடம் கட்டியவன் சிரித்தான். “சாருக்குப் பயமா?”

“ஆமா மக்கா. எனக்குப் பயமாக்கும். நீ எறங்கப்பிடாது.”

மைத்துனர் குடும்பம் என்னைத் தெரியாதவர்கள் போல நகர்ந்து நின்றது. அந்த ஆள் சிரிப்பை நிறுத்தி என்னையே பார்த்தான்.

“இன்னொரு தடவ எறக்கும் சாரே.”

இறக்கினேன். அதே கல்லருகே மறுபடியும் அணைந்தது. அவன் வடத்தை அவிழ்த்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டான். வேறு ஆளைப் பார்க்கும்படி கிழவரிடம் சொல்லிவிட்டுப் போனான்.

நாளைக்கு வேறு ஆள் கிடைப்பான், அண்ணா. அவனிடமும் பயமா என்று கேட்பார்கள். இந்த மெழுகுவர்த்தியை உன் படத்துக்கு முன்னால் ஏற்றலாம் என்றாள் என் மனைவி. வேண்டாம் என்றேன். சட்டைப்பையிலேயே இருக்கட்டும். காலையில் கிணற்றடிக்குப் போகவேண்டும்.