புதன்கிழமை மூன்று மணி

ஆகஸ்ட் 4, திங்கள்
புழுக்கம். ஆடிக் கூட்டம், பெரியபாளையம் பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. பல்கலைக்கழக ஆண்டு மலருக்கு, இந்த இடத்தின் வரலாறு ஒரு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். இங்கேயே படித்து இங்கேயே வாத்தியார் ஆனவள் நான்தானே.

எழுத வேண்டியவை:
எல்லாம் தொடங்கிய, சர்ச்சுக்குப் பின்னால் ஓட்டுக் கட்டடம்.
ஹார்மோனியம், இரண்டு கட்டை ஊமை.
குடிக்க மாட்டோம் என்று எல்லோரும் கையெழுத்துப் போட்ட அட்டை (குடிகார ஹாஸ்டல் வார்டன் உட்பட! சிரிப்பு வருகிறது).
புதன் மூன்று மணி. அதுதான் முக்கியம். பன்னிரண்டு பிள்ளைகள், ஒரு ஆசிரியர், வட்டமாக உட்கார்ந்து ஒரே கேள்வி: "உன் ஆத்துமா எப்படி இருக்கிறது?" இதை ஆரம்பித்த மெதடிஸ்ட் சபைக்காரர்களின் பழைய வழக்கம். எந்த மதத்துப் பிள்ளையானாலும் அதே கேள்வி. போன வருடம் என் வட்டத்தில் ஒருத்தன் சொன்னான், "அதுக்கு இன்னா மிஸ், நல்லா துன்னுட்டு குந்திக்கினு கீது."

ஆகஸ்ட் 5, செவ்வாய்
துணைவேந்தர் அறையில் கூட்டம். புதன் வட்டத்தை எடுத்துவிட்டு இன்டர்வியூ பயிற்சி. தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டைக் கம்பெனிகள் அடுத்த மாதம் ஆள் எடுக்க வருகின்றன. "ஆத்துமாவப் பாத்தா மேடம் வேலை குடுக்கறான்?" என்றார் வேலைவாய்ப்பு அதிகாரி பிரபு. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். சம்மதமானவர்கள் கை தூக்கச் சொன்னபோது தூக்கியும் விட்டேன். சே!

ஆகஸ்ட் 6, புதன்
மூன்று மணிக்குக் கால் தானாக எழுந்தது. போக இடமில்லை.

படிக்கும்போது அந்த வட்டத்தில்தான், அதை நடத்திய எஸ்தர் மிஸ்ஸிடம் அழுதேன். "நைனா படிச்சது போதும்ன்றாரு மிஸ்." மறுநாளே மிஸ் கடம்பத்தூர் ஸ்டேஷனில் இறங்கி, வெயிலில் நடந்து எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். கூழ் குடித்தார். அப்பாவிடம் பேசிச் சம்மதிக்க வைத்தார். அந்த மிஸ் இப்போது இருந்தால் என் முகத்தில் விழிப்பாரா? நன்றி கெட்டவள் நான். வரலாற்றுப் பக்கம் இன்னும் காலி.

ஆகஸ்ட் 13, புதன்
தூறல். வட்டம் கூடிய அதே அறையில் மாதிரி இன்டர்வியூ. வாசலில் நின்று பார்த்தேன். என் பன்னிரண்டு பேரில் ஒருத்தி, கலைவாணி, பிரபு முன்னால்.

"உன்னப் பத்தி சொல்லும்மா."

"பேரு கலைவாணி சார். நைனாவுக்கு மெஷின்ல கை போச்சு, ஊட்லதான் கீறாரு. அம்மா ரெண்டு ஷிப்ட் போவுது. எனக்குப் படிச்சா மண்டைல ஏற மாட்டேங்குது."

"இதெல்லாம் இன்டர்வியூல சொல்லக் கூடாதும்மா."

"அப்ப எங்க சார் சொல்றது?"

பிரபு பேனாவை மூடினார், திறந்தார். நான் உள்ளே போய் அவள் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"மேடம், கிளாஸ் நடக்குது" என்றார்.

"என்கிட்ட சொல்லு" என்றேன் அவளிடம்.