வில்னியஸில் ஒலித்த வீட்டுப் பேச்சு

தேவராஜ மொஹல்லா, மைசூரு
3-2-2025

அன்புள்ள அனகா கண்ணுவுக்கு,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். வில்னியஸ் மேடையில் நீ பேசியதை என் பெண் அஷ்வினி போனில் காட்டினாள். நீயும் என்னைப் பார்க்கிறாய் என்று நினைத்து முந்தானையைச் சரிசெய்து கும்பிட்டுவிட்டேன். பக்கத்துக் கடை மாதப்பன் இன்னும் சிரிக்கிறான்.

வெற்றிலைக்காரிக்கும் பாதி புரிந்தது, போ! லிதுவேனியாக்காரி பாஷையும் ரஷ்யாக்காரி பாஷையும் ஒரு வழி உறவு. ஒரு கை என்றால் இரண்டு பேருமே சொல்லின் வாலை அழுத்துகிறார்கள்: ரன்கா, ருகா. பல கைகள் என்றதும் அழுத்தம் தலைக்கு ஓடிவிடுகிறது: ரான்கோஸ், ரூகி. மூத்தவள் லிதுவேனியாக்காரி 'ஓஸ்' என்ற பழைய வாலை வைத்துக்கொண்டாள், இளையவள் ரஷ்யாக்காரி எப்போதோ மாற்றிக்கொண்டாள். சரிதானே புரபசரம்மா?

அப்புறம், "தமிழில் எப்படி என்று கேட்போம்" என்றாய். என் குரல் வந்தது.

"குண்டலுபேட்டையில அவருக்கு வேற பொண்டாட்டி, பிள்ளைங்க இருக்காங்க கண்ணு."

எங்கள் மாடியில் குடியிருந்தபோது 'கை, கைகள்' என்று சொல்லச் சொல்லிப் பதிவு செய்தாய். முடிந்தது என்றாய். அதற்குப் பிறகுதானே அழுதபடி இதைச் சொன்னேன்? அப்பா மண்டி வேலையாகத்தான் அங்கே இருக்கிறார் என்று நம்பியிருந்தவள் அஷ்வினி. போனைப் பிடித்திருந்தவளும் அவள்தான்.

போனில் கூப்பிடாதே. காகிதத்தில் குரல் பதியாது.

உன்
வடிவக்கா

வில்னியஸ்
1-3-2025

அன்புள்ள வடிவக்காவுக்கு நமஸ்காரம்.

மன்னியுங்கள். கருவியை அணைக்க மறந்துவிட்டேன். பிறகு கேட்டபோது, நான் சொல்லவைத்த சொற்களைவிட, தானாக வந்த அந்தப் 'பிள்ளைங்க' என்ற பன்மைதான் உயிரோடு இருந்தது; அதையே மேடையில் போட்டேன். உங்கள் பெயரை எங்கேயும் சொல்லவில்லை. அஷ்வினி பார்ப்பாள் என்று தோன்றவே இல்லை.

கட்டுரை அச்சேற உங்கள் சம்மதம் வேண்டும். கூட வைத்திருக்கும் தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்புவீர்களா அக்கா? இல்லாவிட்டால் என் மூன்று வருஷ உழைப்பு நின்றுவிடும்.

உங்கள்
அனகா

மைசூரு
28-3-2025

அனகாவுக்கு,

பெயர் சொல்லவில்லையாம்! பெற்றவள் குரலுக்குப் பெயர்ப்பலகை வேண்டுமா?

அஷ்வினி குண்டலுபேட்டைக்குப் போய்வந்தாள். தம்பிகள் இரண்டு பேராம். "ரெண்டு பேருக்கும் என் மூக்கும்மா. நீயும்தானே மறைச்சே?" என்றாள். அதோடு சரி, என்னோடு பேச்சு இல்லை. தட்டை வைத்தால் சாப்பிடுகிறாள்.

மாடிக்குச் சோறு எடுத்து வந்தபோதெல்லாம் உன்னைக் கேலி செய்வேனே, அப்போது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எடுத்துக்கொண்டாய், ஊருக்குப் போட்டுக் காட்டினாய், இப்போது சம்மதம் கேட்கிறாய்.

மாடியை வேறு ஆளுக்கு விட்டாயிற்று. நீ விட்டுப்போன பெட்டியை உங்கள் அம்மா வீட்டில் சேர்த்துவிட்டேன்.

கையெழுத்துத் தாள் வந்தது. கடையில் கூட்டம். அதில் வெற்றிலையை மடித்துக் கொடுத்துவிட்டேன். வாங்கினவர் நஞ்சன்கூடு பஸ் ஏறிவிட்டார்.

வடிவு