கேள்வி கேட்க வந்த பெண்ணை மீண்டும் அனுப்பக் கோரி

அனுப்புநர்:
லிப்ட் மெக்கானிக்,
(தங்கள் ஆய்விலிருந்து நீக்கப்பட்ட குடும்பம்)
மூன்றாம் மாடி, தண்ணீர்த்தொட்டித் தெரு.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
வருமானம், வேலை, குடும்ப வாழ்க்கை, தனிநபர் நலன் குறித்த ஆய்வு அலுவலகம்.

பொருள்: வீடு மாறியதால் நீக்கப்பட்ட எங்கள் குடும்பத்துக்குப் பழைய கள ஆய்வாளரையே மீண்டும் அனுப்பி உதவ வேண்டுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மனைவி மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை பார்ப்பவர். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. தங்கள் அலுவலகத்துக் கள ஆய்வாளரான ஓர் இளம்பெண் வருடத்துக்கு ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வருவார். சம்பளம் எவ்வளவு, சமையல் யார், தூக்கம் எப்படி என்றெல்லாம் கேட்பார். சந்தோஷமாக இருக்கிறீர்களா என்று கேட்பதற்கும் ஒரு உத்தியோகமா என்று முதல் தடவை நான் கேலி பேசினேன். அதற்காக இப்போது வருந்துகிறேன்.

2. என்னிடம் கேட்டு முடித்ததும், மனைவியிடம் தனியாகக் கேட்க வேண்டும் என்பார். நான் கீழே இறங்கிப் போய் முக்குக் கடையில் நிற்பேன். என் பதில்கள் சீக்கிரம் முடிந்துவிடும்; மனைவியின் பதில்களுக்கு மதியம் முழுவதும் ஆகும். திரும்பி வந்தால் கதவுக்கு உள்ளே மனைவி சிரிப்பது கேட்கும். ஒரு வருடம் கண் சிவந்திருந்தது, ஆனால் முகம் தெளிந்திருந்தது. என்ன பேசினீர்கள் என்று கேட்டதற்கு, "சும்மா, கேள்விதான்" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

3. வீட்டுக்காரர் வீட்டை விற்றுவிட்டதால் இந்த வருடம் ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் குடிவந்தோம். முகவரி மாற்றத்தைச் சொல்லத் தங்கள் அலுவலகத்துக்கு போன் செய்தேன். "பகுதி மாறிட்டா பேரு தானா எடுபட்டுடும் சார். உங்களுக்கும் ஒரு தொல்லை விட்டுச்சு" என்றார் எழுத்தர். அவர்மேல் புகார் இல்லை. அன்று எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மனைவியிடம் சொல்லவும் தோன்றவில்லை.

4. சென்ற மாதம், பழைய வீட்டின் கீழே தையல் கடை வைத்திருக்கும் தம்பி எனக்கு போன் செய்தார். "அண்ணே, அக்கா காலையிலேருந்து மாடிப்படியில உட்கார்ந்திருக்காங்க. கூப்பிட்டாலும் உள்ள வர மாட்டேங்குறாங்க" என்றார். வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். வெளியே போகும்போது உடுத்தும் நல்ல உடையில், தேநீர் பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு மனைவி உட்கார்ந்திருந்தார். "இந்த மாசம்தானே அந்தப் பொண்ணு வரும். வீடு தெரியாம திரும்பிப் போயிடக்கூடாதுல்ல" என்றார்.

5. அந்தப் பெண் இனி வரமாட்டார் என்பதை அந்தப் படியில் வைத்துத்தான் சொன்னேன். மனைவி அழவில்லை, கோபிக்கவும் இல்லை. தேநீரைத் தையல் கடைத் தம்பிக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு என்னோடு நடந்து வந்தார்.

6. அதற்குப் பிறகு வேலைக்குப் போகவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுகிறார். மருத்துவரிடம் அழைத்துப் போனேன்; அவர் கேட்டதற்கெல்லாம் "ஒண்ணுமில்ல" என்றே சொன்னார். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். லிப்ட் குழிக்குள் இறங்கினால் எனக்கு சிக்னல் கிடைக்காது. அதனால் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு நிமிடத்துக்கொரு தரம் மேலே ஏறி வந்து போனைப் பார்க்கிறேன். மேஸ்திரி திட்டுகிறார். என்ன செய்தி வந்துவிடுமோ என்று பயப்படுகிறேன் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?

7. நேற்று நானே கேட்டுப் பார்த்தேன். அந்தப் பெண் உட்காரும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இந்த வாரம் மனசு எப்படி இருந்தது என்றேன். சுவரிலிருந்து என் பக்கம் திரும்பினார். பிறகு, "அந்தப் பொண்ணு நான் சொல்றத எழுதிக்கும். நீங்க நான் சொல்றதத் திருத்துவீங்க" என்றார். ஒரு மாதத்தில் என்னிடம் அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதுவும் திருத்தம்தான் என்று உறைத்ததால் மூடிக்கொண்டேன்.

8. ஆகவே ஐயா, விதியைத் தளர்த்தி அந்தப் பெண்ணை ஒரே ஒரு முறை அனுப்பிவைக்க வேண்டுகிறேன். எங்கள் பதில்களைத் தங்கள் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. வருடக்கணக்கில் என் மனைவி அவரிடம் என்ன சொன்னார் என்பதையும் நான் கேட்கவில்லை. அதை எனக்குக் காட்டவும் கூடாது. அவரை அனுப்ப இயலாது என்றால், கள ஆய்வாளர்களுக்குத் தாங்கள் அளிக்கும் பயிற்சி வகுப்பில் ஒரு ஓரமாக உட்கார என்னை அனுமதியுங்கள். பதில் வரும்வரை பேசாமல் காத்திருப்பது எப்படி என்று அங்கே சொல்லிக்கொடுப்பார்கள் அல்லவா? ஞாயிற்றுக்கிழமை என்றாலும் வருகிறேன். தாமதம் மட்டும் வேண்டாம் ஐயா.

இடம்: தண்ணீர்த்தொட்டித் தெரு
நாள்: இம்மாதம் 14

தங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
லிப்ட் மெக்கானிக்