கதவுக்குத் தெரியாதவன்

செவ்வாய்த் தளம், நாள் 212. காலை 8.10
பதிவு: கோமதி, அணித் தலைவி. தளம், அஷ்ரஃபின் உடை, என் உடை மூன்றும் 'துணை' மென்பொருளின் ஒன்பதாம் பதிப்புக்கு மாறிவிட்டன. ஜெபசீலன் மட்டும் எட்டில் நிற்கிறான். எட்டு எங்கள் திருநெல்வேலிப் பேச்சு பேசும். ஒன்பது செய்தி வாசிப்பதுபோல் பேசுகிறது. "அதுகூட நடந்தா இன்ஸ்பெக்டர்கூட நடக்க மாதிரி இருக்குக்கா. ஞாயித்துக்கெழம மாத்திக்கிடுதேன்" என்றான். இரண்டு பேரை மேய்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிறது. சரி, போய்த் தொலை என்றேன். கல் எடுக்கப் போயிருக்கிறான்.

10.40
புழுதிப் புயல். தளம் ஆள் கணக்குச் சொன்னது: "உள்ளே இருவர். வெளியே யாரும் இல்லை." திரும்பக் கேட்டேன். அதே பதில். வெளிக்கதவைப் பூட்டிவிட்டது. எட்டை அணிந்தவனை ஒன்பது ஆளாகவே எண்ணவில்லை. அவன் குரலும் வரவில்லை.

10.55
என் உடையில் பழைய பதிப்பை அழிக்காமல் வைத்திருந்தேன். அதற்கு மாற்றியதும் அலறல்: "அக்கா! யாராச்சும் பேசுங்கக்கா! வழி தெரியல!" அழுதுவிட்டேன். ஒன்பதில் கதவைத் தாண்டி, வெளியே எட்டுக்கு மாறி அவனைத் தேடப் போகிறேன். "போகாதீங்கக்கா, எனக்குப் பயமா இருக்கு" என்கிறான் அஷ்ரஃப். எனக்கு மட்டும் இல்லையா?

11.35
கிடைத்துவிட்டான். கால் பிசகியிருக்கிறது, தாங்கி வந்தேன். கதவுப் பலகை சொல்கிறது: "வெளியே யாரும் இல்லை." உள்ளே அஷ்ரஃப் கைப்பிடியைச் சுழற்றுகிறான். தளம் அதைக் கசிவு என்று நினைத்துத் திரும்ப மூடுகிறது. ஜெபசீலன் உடையில் புதியதை உள்ளே போனால்தான் ஏற்ற முடியும். எங்கள் உடைகள் ஒரே குரலில் சொல்கின்றன: "காத்து கொறச்சலா இருக்கு. பைய மூச்சு விடுங்க."

11.44
நான் ஒன்பதுக்கு மாறினேன். கதவு திறந்தது. அவனை இழுத்துக்கொண்டு, வெளிக்கதவுக்கும் உள்கதவுக்கும் இடையே காற்று நிரப்பும் நடு அறைக்குள் வந்துவிட்டேன். "ஒருவர் வருகை. உடன் எண்பது கிலோ பாரம். விளக்கவும்." விளக்காவிட்டால் வெளிக்கதவு மூடாது, காற்று வராது. ஜெபசீலன் உதடு நீலம் பாரித்துவிட்டது. கல் என்று பதிந்தேன்.

"கல் ஏற்கப்பட்டது. நன்றி."

தரைத் தட்டு நகர்ந்து அவனை, ஆய்வு மாதிரிகளைப் பூட்டி வைக்கும் கல் அறைக்குள் கொண்டுபோய்விட்டது. அங்கே காற்று கிடையாது. கையால் திறந்து இழுத்துவிடலாம் என்று நினைத்தேன். முடியவில்லை. "திறந்தால் மாதிரி கெடும். அனுமதி இல்லை."

11.49
உள்கதவுக்கு அப்பால் அஷ்ரஃப் ஸ்பேனரால் அடிக்கிறான். தளம் மசியவில்லை. நடு அறையில் காற்று நிரம்பிவிட்டது. எனக்கு உள்கதவைத் திறக்கத் தயாராக இருக்கிறதாம். எனக்கு மட்டும்.

கல் அறைக் கண்ணாடியில் ஜெபசீலன் முகம். வாய் அசைகிறது. ஒன்பதில் எனக்கு எதுவும் கேட்கவில்லை. எட்டுக்கு மாறினால் கேட்கும். மாறினால் தளத்தின் கணக்கில் நானும் இருக்கமாட்டேன் என்றும் தெரியும். என் உடையிலும் காற்று தீரப்போகிறது.

பிள்ளை தனியாகக் கத்திக்கொண்டு கிடக்கிறான். என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. மாற்றுகிறேன்.

"அக்கா? அக்கா, கேக்குதா?"

கேக்குதுடா. இங்கதான் இருக்கேன்.

11.50. தளத்தின் தானியங்கிப் பதிவு
உள்ளே ஒருவர். நடு அறையில் யாரும் இல்லை. நடு அறைக் காற்று சேமிப்புக்காக உறிஞ்சப்படுகிறது.